இருந்தது

பேர்லின் மதில் விழுந்த பின்னர், 1990களின் முற்பகுதியில், இங்கத்தைய ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் சோவியத் படையினரின் தொப்பிகளும் பதக்கங்களும் மலிந்து கிடந்தன. ஒரு மேசையில், பழைய காசுகளுக்கு நடுவே, எரியும் கப்பல்கள் பொறித்த வட்டமொன்று கண்ணில் பட்டது. அசலைப் பார்த்து வார்த்த போலிதான். ஒரு பக்கத்தில் மகாராணி இரண்டாம் கத்தரீனாவின் முகம். மறுபக்கத்தில், கப்பல்களுக்கு மேலே, ஒரேயொரு சிறிய சொல். கூட வந்த நண்பர் மொஸ்கோவில் படித்தவர். எடுத்து வாசித்தார்.

“பில். இருந்தது எண்டு அர்த்தம்.”

“எது இருந்தது?”

“அது எழுதேல்லை. இந்தச் சொல் மட்டும்தான் கிடக்கு.”

அது செஸ்மே பதக்கம். 1770 ஜூலையில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள செஸ்மே விரிகுடாவுக்குள் ஒதுங்கி நின்ற ஒட்டோமான் கடற்படையை ருஷ்யர்கள் ஓரிரவில் எரித்தார்கள். எரிபொருள் நிரப்பிய நான்கு தீக்கப்பல்களை ஏவியதில், லெப்டினன்ற் இலியின் கொண்டுபோனது இலக்கைச் சேர்ந்தது. நெருங்கி நின்ற கப்பல்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ தாவியது. பெரும் போர்க்கப்பல்களில் மட்டும் 15 அழிந்தன. ருஷ்யர் சொல்லும் கணக்கின்படி துருக்கியர் தரப்பில் இறந்தோர் 10,000க்கு மேல். அந்த இரவில் ருஷ்யர் இழந்ததோ பத்துப் பதினொரு பேரைத்தான். சண்டையில் நின்ற சாதாரண மாலுமிகளுக்கும் கத்தரீனா வெள்ளியில் இந்தப் பதக்கத்தைக் கொடுத்தாள். துருக்கியின் கடற்படையா? இருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு முதலில் வந்தது அருவருப்பு. பத்தாயிரம் பேர் வெந்து செத்ததை ஒரு கேலிச் சொல்லாக்கி ஒருவன் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவதா? வென்றதைக் கொண்டாடட்டும்; மற்றவன் இல்லாமற் போனதைக் கொண்டாடலாமா?

ஆனால் அதை அணிந்தவன் யாரென்று யோசிக்கத் தொடங்கினால் கோபம் அவ்வளவு லேசாக நிற்கவில்லை. அந்நாளில் ருஷ்யக் குடியானவன் ஒருவனைப் படைக்குப் பிடித்தால் அவனுடைய சேவைக்காலம் ஆயுள் முழுவதும்தான். 1793இல்தான் அதை 25 வருடமாகக் குறைத்தார்கள். உயிரோடிருப்பவனை ஒப்பாரி வைத்துத்தான் ஊர் வழியனுப்பும். அவனுக்கு வீடு இருந்தது, வயல் இருந்தது, தாய் இருந்தாள். அவனுடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்ட அரசு பதிலுக்குக் கொடுத்தது ஒரு வெள்ளி வட்டம். அதையும் கழற்றிவிடு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் அரண்மனையில் இருந்தார்கள்.

வெற்றிக்கு அடித்த உலோகம் எப்போதும் நிலைப்பதுமில்லை. 1714இல் மகா பீற்றர் பின்லாந்துக் கரையில் கங்குத் முனைக்கருகே சுவீடன்காரரை வென்றான். அதன் இருநூறாம் ஆண்டுக்கென்று 1914இல் பீற்றரின் தலை பொறித்து வெள்ளி ரூபிள் அடித்தார்கள். விழா நாள் வருவதற்குச் சில நாட்கள் முன்னர்தான் ஜேர்மனி ருஷ்யாமீது போர் தொடுத்தது. அடித்த நாணயங்களில் பெரும்பகுதி வெளியே வராமலே உருக்கப்பட்டது. புதிய போருக்கு முன்னால் பழைய வெற்றி வெறும் வெள்ளிதான்.

இதற்கு நேரெதிராக இன்னொன்று. 1905 மே மாதத்தில் சுஷிமா நீரிணையில் ஜப்பானியரிடம் ருஷ்யக் கடற்படை தோற்றது. ஏறக்குறைய 5,000 ருஷ்யர் மாண்டனர். தப்பி வந்தவர்களுக்கு 1907இல் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதில் ஒரு நங்கூரமும் 1904, 1905 என்ற இரு வருடங்களும் இருக்கின்றன. சுஷிமா என்ற பெயர் இல்லை. போல்ரிக் கடலிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி ஏழு மாதம் போனார்களே, அந்தப் பயணத்துக்கான பதக்கமாம். வெட்கத்தை மறைக்கச் செய்த வேலை என்பது தெரிகிறது. என்றாலும், இந்த மூன்றில் ஒன்றை என் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொன்னால் இதைத்தான் கொடுப்பேன். எவருடைய சாவும் அதில் அலங்காரமாக நிற்கவில்லை.

ஊரைப் பற்றிப் பேசும்போது நாங்களும் ‘இருந்தது’ என்றுதான் முடிக்கிறோம். கிணற்றடியில் மாதுளை இருந்தது. முற்றத்தில் மல்லிகைப் பந்தல் இருந்தது. இழந்தவன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டே பழகிய காதுக்கு, அதே சொல்லை எரித்தவன் சொல்லக் கேட்பது கூசுகிறது.

செஸ்மேயில் இன்னொன்றும் நடந்தது. தீக்கப்பல்கள் போவதற்கு முன்னர் வெளியே கடலில் நடந்த சண்டையில், எரிந்துகொண்டிருந்த துருக்கித் தலைமைக் கப்பலின் பாய்மரம் ருஷ்யரின் ‘எவ்ஸ்தாஃபி’ கப்பல்மீது சரிந்து, அது வெடித்துச் சிதறியது. அதில் போனவர்கள் 500க்கும் மேல். பதக்கத்தின் அந்தச் சொல்லுக்கு எழுவாய் இல்லை. எவ்ஸ்தாஃபிக்கும் அது பொருந்தும்.

நண்பரிடம் இன்னொரு தடவை கேட்டேன்.

“அது ‘இருந்தது’ மட்டும்தானோ? ‘இருந்தான்’ எண்டும் வருமோ?”

“வரும். கப்பலுக்கும் ஆம்பிளைக்கும் ருஷ்யனில ஒரே வினைதான். தமிழிலயெண்டால் நீ ஒண்டைத் தெரிஞ்செடுக்க வேணும்.”

கடைக்காரன் விலையைக் குறைத்துச் சொன்னான். நண்பர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தரீனாவின் முகம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தார்.