ஏழைக்கென ஓர் இருக்கை

பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவில் வீட்டார் சமைத்துப் பரிமாறும் மரபு விருந்து பொருள் செறிந்தது. மூவொரு இறைவனை நினைவூட்டும் மூன்று வெண்விரிப்புகள். இறைச்சி நீக்கி, மீனும் காய்கறிகளும். பின்னர், இயேசுவையும் பன்னிரு திருத்தூதரையும் குறிக்கும் 13 இனிப்புகள். அவற்றோடு, திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் புளிக்கவைத்த இன்சுவை இரசம்.

எவ்வுணவுக்கு எவ்விரசம் இசையும் எனத் தேர்வது வீண் ஆடம்பரமன்று. விருந்தினரை மதிக்கும் அன்பின் நுண்மையே. ஆயினும் அம்மேசையில், எதிர்பாராது வரும் ஏழைக்கென ஓர் இடமும் ஒதுக்கப்படுகிறது. உணவையும் இரசத்தையும் நாம் தேர்கிறோம்; அங்கு அமர்பவரையோ நாம் தேர்வதில்லை. ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். அறிந்தவர்க்கு மட்டும் படைப்பது விருந்தாகுமா? கதவைத் தாழிட்டுவிட்டு வைக்கும் அத்தட்டு, அலங்காரமன்றி வேறென்ன?