சரிவின் கணக்கும் கவுந்தியின் கணக்கும்

கோலார் தங்கவயலுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சயனைடு மேடுகள். பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் பல்லாண்டுகளாகச் சேர்ந்து குன்றுகளாகவே நிற்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடார் கொண்டு பூமியின் மேடு பள்ளங்களை அளந்தபோது, அவையும் கணக்கில் ஏறிவிட்டன. மறு ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள்.

ஆதி மனிதர் நடந்த தடத்தைக் கணினியில் தேடுவோர் இத்தகைய உயரத் தரவைத்தான் கையில் எடுக்கிறார்கள். நிலத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் கடக்க ஆகும் நேரத்தைச் செலவாகக் கணக்கிடுவார்கள். வால்டோ டோப்ளர் 1993இல் தந்த சூத்திரப்படி சமதளத்தில் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், மெல்லிய இறக்கத்தில் 6. ஏற்றத்தில் வேகம் குறையும். செலவு குறைந்த கட்டங்களைக் கோத்தால் பாதை கிடைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் தெற்காசியாவில் எவ்வழியே பரவியிருக்கலாம் என்று ஜூலி ஃபீல்டு, மைக்கேல் பெட்ராக்லியா, மார்த்தா லாஹ்ர் மூவரும் 2007இல் இப்படித்தான் ஆராய்ந்தார்கள்.

தங்கவயலில் இதைச் செய்தால், பழங்காலத்தில் பொன் தேடி வந்தவர் நேற்றைய கழிவுமேட்டைச் சுற்றிக்கொண்டு நடப்பார்! மேட்டைத் தரவிலிருந்து நீக்கிவிடலாம். மனிதர் சரிவுக்கு மட்டும் கட்டுப்பட்டவரா என்ற கேள்வியை அப்படி நீக்க முடியாது.

சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகியோடு மதுரைக்குப் புறப்படும் கவுந்தியடிகள் சமணத் துறவி. வழியின் இடர்களை எடுத்துச் சொல்லும் அவர், வயல்வழியே போனால் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்குமே என்று அஞ்சுகிறார். வயலைவிடச் சமமான தரை ஏது? சூத்திரம் அங்கேதான் விரைந்து நடக்கச் சொல்லும். கவுந்தியோ பிற உயிரின் வலியைச் செலவாகக் கணக்கிடுகிறார். மழைக்காலத்தில் சமணத் துறவிகள் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிடுவதும் இதே அறத்தால்தான். கோலாரைத் தலைநகராக்கி ஆண்ட கங்கர்கள் சமணத்தைப் போற்றியவர்கள். ஆகவே இந்த மண்ணுக்கும் இது பழகிய கணக்கு. கணினிக் கோட்டிலிருந்து உண்மைத் தடம் விலகும் இடத்தைப் பிழையென்று தள்ளாமல், அங்கே எந்த அறமோ அச்சமோ நின்றதென்று தேட வேண்டும்.

மென்பொருளில் சில கட்டங்களைக் கடக்கவே முடியாதவை என்று குறிக்கலாம்: பேராறு, செங்குத்துப் பாறை. ஆனால் யாரால் கடக்க முடியாதவை? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்து தலித் மக்கள் திரளாக வந்தார்கள். தாது வருஷப் பஞ்சம் சூறையாடிய மாவட்டம் அது. ஊர்த்தெருவில் அவர்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த காலமும் அதுதான். ஒரே தெரு ஒருவருக்குச் சமதளம், இன்னொருவருக்குச் செங்குத்துப் பாறை. பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் அந்த மக்களின் பிள்ளைகளும் பேரர்களும் இறங்கினார்கள். அவர்கள் வந்த வழியை வரைய நினைப்பவர், விட்டு வந்த ஊரின் நிலம் யார் பெயரில் இருந்தது, எந்தத் தெரு யாருக்கு மூடியிருந்தது என்பதையும் கட்டம் கட்டமாக எழுத வேண்டியிருக்கும்.