சொல்லி என்ன பயன்?



அநீதியைக் கண்டும் வாய் திறவாதிருக்க நாம் இரண்டு சமாதானங்கள் சொல்லிக்கொள்கிறோம். "நான் எம்மாத்திரம்?" என்பது ஒன்று. "சொல்லி என்ன பயன்?" என்பது மற்றொன்று. சர்வேசுரனுடைய சந்நிதியில் இவை செல்லுமா? பிரான்சு தேசத்து மேற்றிராணியார் ஒருவருடைய சீவியத்தைக் கொண்டு இதைச் சற்று ஆலோசிப்போம்.

ஜூல் ஜெரோ சலியேஜ் 1870-ம் ஆண்டு கந்தால் என்னும் மலைநாட்டில் பிறந்தார். 1895-ல் குருப்பட்டம் பெற்றார். 1925-ல் காப் நகரின் மேற்றிராணியாராகவும், 1928-ல் துலூஸ் நகரின் அதிமேற்றிராணியாராகவும் நியமனம் பெற்றார். சில வருஷங்களுக்குள் பாரிசவாயு அவரைத் தாக்கிற்று. கைகால் தளர்ந்தன, நா குழறிற்று. சபை முன் நின்று தெளிவாகப் பேசுவது ஆகாத காரியமாயிற்று. "என்னால் என்ன ஆகும்?" என்று சொல்ல நியாயமுள்ளவர் ஒருவர் உண்டென்றால், அவர் இவரே.

1942 ஆகஸ்டு மாதம், ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த விஷி அரசாங்கம், துலூஸுக்கு அருகே நோவே, ரெசெபெதூ முகாம்களில் அடைபட்டிருந்த அந்நிய தேசத்து யூதர்களை ரயிலேற்றி ஜெர்மானியர் கையில் ஒப்புவித்தது. செய்தி அதிமேற்றிராணியாரின் செவிக்கு எட்டிற்று. பேச நாவில்லாதவர் எழுதினார். மிகச் சுருக்கமான நிருபம் அது. யூதரும் அந்நியரும் மனிதரே, நமது சகோதரரே, அவர்கள்மேல் எதையும் செய்யலாம் என்பதில்லை, கிறிஸ்தவன் இதை மறக்கலாகாது என்பதே அதன் சாரம்.

வாசிக்கக் கூடாதென்று அரசாங்க அதிகாரி தடை விதித்தார். ஆயினும் ஆகஸ்டு 23-ந் தேதி ஞாயிறன்று பல கோவில்களில் குருக்கள் அதை வாசித்தார்கள். பேச முடியாத ஒருவருடைய வார்த்தை நூற்றுக்கணக்கானவர்களுடைய வாயால் பேசிற்று. இலண்டன் வானொலியும் அதை ஒலிபரப்பிற்று.

பயன் என்ன என்று கேட்பீர்கள். ரயில்கள் நிற்கவில்லை. மூன்றே நாளில், ஆகஸ்டு 26-ந் தேதி, பிரான்சின் தென்பகுதி முழுவதும் யூதர்கள் கைதாயினர். ஆனால் அடுத்த ஞாயிறு மோந்தோபான் மேற்றிராணியார் தெயாஸ் தம் நிருபத்தை வெளியிட்டார். பின்னும் சிலர் தொடர்ந்தனர். கன்னியர் மடங்களும் குடும்பங்களும் யூதக் குழந்தைகளை ஒளித்து வைத்துக் காத்தன. எந்தச் சொல் எந்தக் கதவைத் திறக்கும் என்பது சொல்லுகிறவனுக்குத் தெரியாது. பயன் சர்வேசுரனுடையது, கடமை நம்முடையது.

"மௌனமும் ஒரு விவேகமல்லவா?" என்பீர்கள். மெய்தான், சில வேளைகளில். விவேகம், "இதை எப்படிச் சொல்வேன்?" என்று கேட்கும். அச்சமோ, "இதைச் சொல்லாமல் எப்படித் தப்புவேன்?" என்று கேட்கும். பிறர் பாவத்தில் நாம் பங்காளியாகும் வழிகள் ஒன்பது என்று ஞானோபதேசம் எண்ணுகிறது. அவற்றுள் மௌனமும் ஒன்று.

1944 ஜூன் மாதம் ஜெர்மானியர் அவரைக் கைதுசெய்ய வந்து, அவருடைய நோயின் நிலையைக் கண்டு விட்டுச் சென்றனர். 1946-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 1956-ல் அவர் மரித்தார். யூதரைக் காத்த பிற இனத்தார்க்கு இஸ்ராயேல் அளிக்கும் கௌரவம் 1969-ல் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

நமக்கு முகாமில்லை, ரயிலில்லை. ஆனால் விதவையின் நிலத்தைப் பங்காளிகள் வளைக்கிறார்கள். பேசிய கூலியில் பாதி பிடிக்கப்படுகிறது. கோவில் வாசலிலேயே சாதியைச் சொல்லி ஒருவன் தாழ்த்தப்படுகிறான். நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நமக்கோ நாவில் நோயில்லை. இந்த வாரம் நாம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை எது, யாரிடம் என்று இன்றிரவு ஜெபத்துக்குப்பின் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்ப்போமாக.