பாட்டு யாருக்குச் சொந்தம்?

1903ஆம் ஆண்டில் ஜோன் டி சில்வா மேடையேற்றிய 'சிறிசங்கபோ' என்னும் சிங்கள நாடகத்தில் 'தன்னோ புதுங்கே' என்ற பாட்டு இடம்பெற்றது. அதற்கு மெட்டமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி. அந்த நூர்த்தி மேடையை உருவாக்கியது பார்சி நாடகக் குழுக்களின் வருகை. தமிழ் மேடையிலே 'பார்சி மெட்டு' ஒலித்ததும் அவ்வழியேதான். நாடகம் வழக்கொழிந்தது, பாட்டு நிலைத்தது. நாளடைவில் அது பௌத்த பக்திப் பாடலுமாயிற்று.

அமெரிக்காவிலும் இவ்வாறே, 1935இல் மேடையேறிய 'போர்கி அன்ட் பெஸ்' இசைநாடகத்துக்காக, யூதக் குடியேறிகளின் மகனான ஜோர்ஜ் கேர்ஷ்வின் அமைத்த 'சம்மர்டைம்' கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸ் இசையில் மறுபிறவி எடுத்தது.

ஆனால், 2016 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் கிஷானி ஜயசிங்க 'தன்னோ புதுங்கே'யை ஒப்பெரா முறையிற் பாடியபோது, பண்பாடு கெட்டதெனக் கூக்குரல் எழுந்தது. அன்றே தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அதையும் சிலர் பொறுக்கவில்லை. இரு கூச்சலுக்கும் வேர் ஒன்றே: 'எமக்கு மட்டும்' என்னும் தனியுடைமை மனம். கூவியவர்களுள் எத்தனை பேர் லௌஜியை நினைத்தனர்?

மரபைக் காத்தல் வேண்டாமா எனில், வேண்டும். கல்முனைக் கரையில் நம் தாய்மார் பாடிய கவிகளை ஏட்டிலேற்றுவோம். பிறர் அவற்றை எடுத்தாளும்போது அவர்தம் பெயர் சொல்லுமாறு கேட்போம். படைத்தவரை மறைப்பது திருட்டு. ஆயின், பாடவந்தவரின் வாயை அடைப்பது அதனினும் பெரிய அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே நம் கடமை.