கப்பலில் கிடைக்கும் இலவச அறை

 

சென்ற மாதம் எங்கள் மஹல்லாவில் பெண்களுக்கான பயான் முடிந்ததும், திரைக்கு அப்பாலிருந்து வயது முதிர்ந்த ஒரு தாயார் மஸ்அலா ஒன்று கேட்டார்கள். "ஹஜ்ரத்! அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வரும் மார்ச்சில் என்னை ஏழு நாள் கப்பல் பிரயாணம் அழைத்துப் போகிறேன் என்கிறான். அறைக்குக் காசு கிடையாதாம். போன தடவை அந்தக் கப்பலில் ஏதோ மெஷினில் விளையாடினானாம், அதற்காகக் கம்பெனியே கொடுக்கிறதாம். 'நீங்கள் விளையாட வேண்டாம் உம்மா, வந்து கடலைப் பாருங்கள்' என்கிறான். நான் போகலாமா?"

கூடாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் மகனோடு ஏழு நாள் இருக்கும் ஆசை இருந்தது. எனவே மகனிடமே பேசினேன். தொழுகையாளி, மதுவைத் தொடாதவர், உம்மா மீது உயிரையே வைத்திருப்பவர். ஒளிக்காமல் சொன்னார். "600 டாலர் தோற்றேன் ஹஜ்ரத். இந்த அறையைக் காசு கொடுத்து எடுத்தால் இரண்டு பேருக்கு 1,400 டாலர் ஆகும். கணக்குப் பார்த்தால் லாபம்தானே?"

இந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நம் பிள்ளைகள் பலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இந்த வலையின் பின்னல் அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கரைகளிலிருந்து புறப்படும் பெரிய உல்லாசக் கப்பல்களில் கேஸினோ என்னும் சூதாட்டக் கூடம் இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக மூடிக் கிடக்கும். கரையை விட்டு விலகியதும் திறப்பார்கள். அறைக் கதவைத் திறக்கவும் கப்பலில் சாமான் வாங்கவும் ஒரு அட்டை தருகிறார்களே, அதே அட்டையைத்தான் சூது மெஷினிலும் செருக வேண்டும். எவ்வளவு ஆடுகிறோம் என்பதை அது எண்ணிக்கொண்டே வரும். ராயல் கரீபியன் என்ற கம்பெனி 'கிளப் ராயல்' என்ற பெயரில் இதை நடத்துகிறது. 2020களில் அது அறிவித்திருந்த விதிப்படி, மெஷினில் 5 டாலர் ஆடினால் ஒரு புள்ளி. ஓராண்டில் 2,500 புள்ளி சேர்ந்தால் 'பிரைம்' என்ற படி. அதாவது 12,500 டாலருக்கு ஆடியிருக்க வேண்டும். இது தோற்ற பணத்தின் கணக்கல்ல, ஆடிய பணத்தின் கணக்கு. வென்ற காசையே திரும்பத் திரும்பப் போடுகிறவனுக்கு 12,500 ஏறுவது தெரியவே தெரியாது. நூற்றுக்கு எட்டு டாலரை மெஷின் பிடித்துக்கொள்கிறது என்று வைத்தால், 1,000 டாலர் போய்விடும். அந்தச் சகோதரருக்கு 600தான் போயிற்று. அடுத்த தடவை 2,000 போகலாம். மார்ச் 31 வந்தால் அந்த ஆண்டின் கணக்கு முடிந்து, ஏப்ரல் 1 முதல் மறுபடியும் பூஜ்யம். படி இறங்காமலிருக்க மீண்டும் ஆட வேண்டும். இலவச அறைக்கும் துறைமுக வரியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பெரும்பாலும் கிடைப்பதோ ஜன்னல் இல்லாத உள் அறை! உம்மா கடல் பார்க்க மேல்தளத்திற்குத்தான் ஏற வேண்டும்.

இருக்கட்டும். அவர் சொன்னபடியே 800 டாலர் லாபம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஆகுமாகிவிடுமா?

சகோதரர்களே! சூதில் லாபமே இல்லை என்று திருமறை சொல்லவில்லை. ஸூரத்துல் பகராவின் 219-வது ஆயத்தில், மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பலன்கள் உண்டு என்பதை அல்லாஹுத் தஆலா ஒப்புக்கொண்டு, அவற்றின் பாவமோ அந்தப் பலனைவிடப் பெரியது என்று தீர்ப்பளிக்கிறான். பின்னர் ஸூரத்துல் மாயிதாவில் அவ்விரண்டையும் அடியோடு விலக்கினான். கவனித்தீர்களா? ஆயத்து இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. கப்பல் கம்பெனியும் சேர்த்தே கொடுக்கிறது. உயர்ந்த படிக்குப் போனவருக்கு அது தரும் இன்னொரு 'சலுகை', கேஸினோவில் இலவச மதுபானம்!

அந்தப் 'பலன்' என்ன என்பதற்கு முஃபஸ்ஸிரீன்கள் தரும் விளக்கத்தைக் கேளுங்கள். ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்து, பத்து அம்புகளைக் கொண்டு குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு, மூன்றுக்கு ஒன்றுமில்லை. வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவன் அந்த இறைச்சியைத் தான் தின்னாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடித்துக் கொள்வான். ஆட வராதவனை 'பரம்' என்று கூறிக் கஞ்சன் எனப் பழிப்பார்கள். பஞ்சகாலத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் சூதால்தான். ஏழையின் பசி தீர்ந்த அந்தப் பலனைக்கூட அல்லாஹ் தராசில் வைத்து, பாவமே கனமானது என்று சொல்லிவிட்டான். பசித்தவன் வயிற்றுக்கே இடம் கொடுக்காத சட்டம், ஏழு நாள் உல்லாசத்திற்கு இடம் கொடுக்குமா?

இதைச் சொன்னதும் அந்தச் சகோதரர், "நான் எனக்காகவா கேட்கிறேன்? உம்மாவுக்காகத்தானே" என்றார். தொண்டை அடைத்திருந்தது. எனக்கும் மேற்கொண்டு பேசச் சிறிது நேரமாயிற்று. ஆனால் ஒட்டகத்தை அறுத்தவனும் பிறருக்காகத்தானே கொடுத்தான்?

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். 'வா, சூதாடலாம்' என்று தோழனை வாயால் அழைத்தவனே ஸதகா கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. ஆடவில்லை, அழைத்தான், அவ்வளவுதான். அதற்கே பரிகாரம்! அந்த இலவச அறையும் ஒரு அழைப்புத்தான். 600 டாலர் விட்டவர் மறுபடி வருவார் என்று தெரிந்தே அனுப்பப்பட்ட அழைப்பு.

கப்பல் கம்பெனி தரும் சலுகை எல்லாமே ஹராமா என்று கேட்பீர்கள். இல்லை. எத்தனை இரவு பயணம் செய்தார் என்று எண்ணித் தரும் சலுகையும் அவர்களிடம் தனியே உண்டு. அது ஒரு வியாபாரி வழக்கமான வாடிக்கைக்காரருக்கு விலையில் விட்டுக் கொடுப்பது போன்றது, அதில் குற்றமில்லை. பந்தயம் வைத்ததற்காகக் கிடைப்பதுதான் இங்கே பேச்சு. ஆடாதவருக்கு அது கிடையாது; ஆகவே அதை வெறும் அன்பளிப்பு என்று சொல்ல வழியில்லை.

தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உம்மா! அந்த அறையில் நீங்கள் போக வேண்டாம். அறிந்த பின் போவது, மகனின் தவறுக்கு உங்கள் துஆவைக் கூலியாகக் கொடுப்பது போலாகும். மகனிடம் கோபிக்கவும் வேண்டாம். தன் சம்பாத்தியத்தில் விமான டிக்கெட் எடுத்து அவர் ஊருக்கு வரட்டும். ஏழு நாள் அல்ல, பதினைந்து நாள் உங்களோடு இருக்கட்டும்." தாயார் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அவனுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை ஹஜ்ரத்" என்றார்கள்.

பிரயாணத்தை ரத்து செய்துவிட்டதாக மறுவாரம் அந்தச் சகோதரர் தெரிவித்தார். துறைமுக வரிக்காகக் கட்டிய பணம் திரும்பி வருகிறதாம். அதை வாங்கலாமா என்று கேட்டார். அது அவர் உழைத்துச் சம்பாதித்த காசு. தாராளமாக வாங்கிக் கொள்ளலாம்.