பதினாறு ஞாயிறுகள்

இந்த மாதம் முழுக்க, இரவுகளில், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் 2017-ஆம் ஆண்டு ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினாறு ஆட்டம், பதினாறு தோல்வி. எல்லாமே ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பர் 10 அன்று பிட்ஸ்பர்கிடம் 21-18 என்று தொடங்கி, டிசம்பர் 31 அன்று அதே பிட்ஸ்பர்கிடம் 28-24 என்று முடிகிறது. முடிவு தெரிந்த ஆட்டத்தில் கண் பந்தை விட்டுவிடுகிறது. பந்து எங்கே போய் விழும் என்பதுதான் தெரியுமே. என் கண் 73-ஆம் எண் சட்டையில் போய் நின்றுகொண்டது.

*

ஜோ தாமஸ். லெஃப்ட் டேக்கிள். அமெரிக்கக் கால்பந்தில் இந்த இடத்தில் நிற்பவர் பந்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். எறிவதில்லை, பிடிப்பதில்லை, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. வலது கையால் பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் முதுகுப் பக்கம். அவன் கண் அங்கே போகாது. அந்தப் பக்கத்திலிருந்து அவனைச் சாய்க்க ஓடி வருபவனை நிறுத்துவதுதான் தாமஸின் வேலை.

ஒரே ஒரு தடுப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன. முதுகு நேராக இருக்கிறது. பந்து பின்னால் கை மாறியதும் இடது கால் பின்வாங்குகிறது, வலது கால் இழுபட்டு வருகிறது. தாவல் இல்லை, வழுக்கல் மாதிரி. கைகள் மார்புக்கு முன்னால் காத்திருக்கின்றன. எதிராளி எட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அவை நீளுகின்றன. உள்ளங்கைகள் அவன் மார்பில் பதிகின்றன. அவ்வளவுதான். மூன்று நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. திரையின் இன்னொரு மூலையில் பந்து எங்கோ தவறிப் போகிறது. இவர் எழுந்து, அடுத்ததற்கு நடந்து போய் நிற்கிறார்.

ஒவ்வொரு முறை பந்து கை மாறி ஆட்டம் உயிர்பெறுவதையும் ஸ்னாப் என்கிறார்கள். 2007-இல் தன் முதல் ஆட்டத்திலிருந்து ஒரு ஸ்னாப்கூட விடாமல் தாமஸ் 10,363 ஸ்னாப் ஆடினார். அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள். இருபது குவாட்டர்பேக்குகள் அவர் பின்னால் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அணி ஒரு முறைகூட பிளேஆஃப் சுற்றுக்குப் போகவில்லை.

*

அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் முன்னணி ஆட்கள் கோட்டு சூட்டோடு நியூயார்க் மேடைக்குப் போவது அப்போது வழக்கமாக இருந்தது. தாமஸ் போகவில்லை. மிச்சிகன் ஏரியில் அப்பாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாக அவரைக் கிளீவ்லாந்து எடுத்துக்கொண்ட செய்தி படகில் வந்து சேர்ந்தது. தூண்டிலைப் போட்டுவிட்டு உட்காரத் தெரிந்த மனிதர்.

*

இந்த விளையாட்டில் கடைசி இடத்துக்கு ஒரு பரிசு உண்டு. மிக மோசமாக ஆடிய அணிக்கே அடுத்த ஆண்டுத் தேர்வில் முதல் உரிமை. 2016-லேயே கிளீவ்லாந்து நிர்வாகம் நீண்ட கணக்கு போட்டது. அனுபவசாலிகளை வெளியே போக விட்டது. கையிலிருந்த நல்ல தேர்வு உரிமைகளைக் கொடுத்து, வருங்காலத்துக்கான உரிமைகளை வாங்கிச் சேர்த்தது. அந்த ஆண்டு 1-15. அடுத்த ஆண்டு 0-16. தலைமைப் பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் இரண்டு ஆண்டுகளில் ஒன்று வென்று முப்பத்தொன்று தோற்றார்.

தாளில் பார்த்தால் அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. விதைநெல் எடுத்து வைப்பது போலத்தான். ஆனால் என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. நிர்வாகத்துக்குத் தோல்வி ஒரு முதலீடு. ஆடுகிறவனுக்கு இரண்டாண்டு என்பது முழங்காலிலும் தோளிலும் கரைந்து போகிற இரண்டாண்டு. அதை வருங்காலக் கணக்கில் யாரும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். கடைசியில் அந்தக் கணக்கைப் போட்ட நிர்வாகிக்கும் அறுவடை கிடைக்கவில்லை. 2017 டிசம்பர் 7 அன்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

*

மூன்று நாள் கழித்து கிரீன் பே பேக்கர்ஸ் வந்தார்கள். நான்காவது கால்பகுதியில் கிளீவ்லாந்து 21-7 என்று முன்னால் நிற்கிறது. இதை மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும், மாறாது என்று தெரிந்தும், நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறேன். 21-14. 21-21. கூடுதல் நேரத்தில் 27-21.

ஆகஸ்டில் நடந்த நான்கு முன்னோட்ட ஆட்டங்களிலும் வென்றவர்கள் கிளீவ்லாந்து ஆட்டக்காரர்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணக்கில் சேராத வெற்றி நான்கு.

*

டிசம்பர் 31. பிட்ஸ்பர்க் தன் முதல்நிலை குவாட்டர்பேக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. நான்கு புள்ளி பின்தங்கி, கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் பந்து கிளீவ்லாந்திடம் இருக்கிறது. நான்காவது, கடைசி முயற்சி. இன்னும் இரண்டு கெஜம் வேண்டும். டிஷோன் கைசர் பத்துமாதக் குழந்தை போலத் தடுமாறிக்கொண்டிருந்த முதலாண்டு குவாட்டர்பேக். அந்த ஒரு முறை பிடியிலிருந்து தப்பி ஓடி, தனியாக நின்ற கோரி கோல்மனுக்கு எறிகிறார். நல்ல எறி. பந்து கோல்மனின் இரண்டு கைகளிலும் பட்டு, கீழே விழுகிறது.

அவரைத் திட்டுவது சுலபம், அன்று ஊரே திட்டியது. நான் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து போன பிறகும் சற்று நேரம் அவை விரிந்தபடியே இருக்கின்றன. பதினைந்து ஞாயிறுகளின் கனமும் அந்த ஒரு பந்தில் ஏறியிருந்தது. அதை ஒருவன் இரண்டு கைகளால் பிடித்திருக்க வேண்டும்.

*

இவ்வளவு தோற்றும் அந்த ஊர் ஏன் மைதானத்துக்கு வந்தது என்பதற்கு 1995-ஐப் பார்க்க வேண்டும். அந்த நவம்பரில், உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். டிசம்பரில் உள்ளூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் பிரவுன்ஸ் ஜெயித்தது. ஜெயித்த ஆட்டம் அது! ஆனால் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு அழுதார்கள். பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் ஊருக்கே என்று போராடித் தக்கவைத்தார்கள். 1996, 97, 98, மூன்று ஆண்டு அணியே இல்லை. 1999-இல்தான் திரும்பக் கிடைத்தது.

தோற்பதற்குக்கூட ஆளில்லாத மூன்று இலையுதிர்காலங்களைக் கடந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் போய், தோற்கிற அணியை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

*

2018 ஜனவரி 6. கடுங்குளிர். மூவாயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள், வெற்றியே இல்லாத அந்த ஆண்டைக் கேலியாகக் கொண்டாடி, ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். நடந்த பாதையே ஒரு பூஜ்யம். சில ஆட்டக்காரர்களுக்கு அது வலித்தது, வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அன்று அங்கே வந்தவர்கள் பசித்தவர்களுக்கு உணவு தரும் நகரத்து உணவு வங்கிக்குப் பணமும் பொருளும் சேர்த்துக் கொடுத்தார்கள். குளிரில் உதடு வெடிக்க நடந்தவர்களின் முகங்களை நிழற்படங்களில் பார்த்தேன். அவற்றில் எனக்குக் கேலி தெரியவில்லை. துக்க வீட்டில் ஒன்றாக உட்கார்ந்திருப்பவர்களின் நெருக்கம் தெரிந்தது.

*

அடுத்த வெற்றி 2018 செப்டம்பர் 20 அன்று வந்தது. நியூயார்க் ஜெட்ஸை 21-17 என்று வென்றார்கள். 635 நாட்களுக்குப் பிறகு. வெற்றி வரும்வரை பூட்டி வைத்திருந்த பீர் குளிர்ப்பெட்டிகள் நகரத்து மதுக்கடைகளில் திறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தாமஸ் அந்த மார்ச்சிலேயே ஓய்வு பெற்றிருந்தார்.

*

கடைசியாக அக்டோபர் 22-ஆம் தேதி ஆட்டத்துக்கு வந்தேன். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். டென்னஸி டைட்டன்ஸுடன் ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லாமல், கூடுதல் நேரத்தில் 12-9 என்று தோற்றார்கள்.

மூன்றாவது கால்பகுதி. தாமஸ் தரையில் கிடக்கிறார், இடது கையைப் பிடித்தபடி. முழங்கைக்கு மேலே, பின்புறத்துத் தசை கிழிந்துவிட்டது. முழங்கையை நீட்டுவதற்கான தசை அது. பதினொரு ஆண்டுகள் எதிராளியின் மார்பில் உள்ளங்கையைப் பதித்துத் தள்ளிய தசை. எழுந்து, தன் காலாலேயே நடந்து ஓரத்துக்குப் போகிறார்.

படத்தை நிறுத்தவில்லை. வேறொருவர் உள்ளே ஓடி வருகிறார். இடக்கோடியில் போய் நிற்கிறார். முழங்கால்களை மடக்குகிறார், கைகளை மார்புக்கு முன்னால் கொண்டுவருகிறார். பந்து கை மாறுகிறது.