மந்தையில்லாக் காவலன்

நன்றிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நாயைச் சொல்கிறோம். ஒருவனை இழித்துரைக்க வேண்டுமென்றாலும் நாயையே சொல்கிறோம். மாணிக்கவாசகப் பெருமானும் இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளுங்கால் நாயோடுதான் ஒப்பிட்டுக்கொண்டார். உவமையாக நாயை இவ்வளவு பயன்படுத்திய நாம், நாயை நாயாக உற்று நோக்கியது குறைவே. இக்கட்டுரையில் வரும் நாய் உவமையன்று. மந்தை காப்பதற்கென்றே மனிதன் உருவாக்கி, பின்னர் அடுக்குமாடி வீட்டில் அடைத்து, அதன் பின்னர்த் தெருவில் விட்டுவிட்ட நாய் அது. அதற்கு நாம் செய்யவேண்டியது இரக்கத்தின்பாற்பட்டதா, கடனின்பாற்பட்டதா என்பதே என் கேள்வி.

நம் வீடுகளில் 'அல்சேஷன்' என்று வழங்கும் நாயின் உண்மைப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்டு. ஜெர்மானிய மேய்ப்பன் நாய் என்பது பொருள். முதல் உலகப் போரின் கசப்பில் ஜெர்மனி என்ற சொல்லே ஆங்கிலேயருக்கு ஆகாமற்போகவே, அவர்கள் அதற்கு அல்சேஷன் என்று வேறு பெயரிட்டார்கள். 1977-இல் பிரிட்டனின் நாய் வளர்ப்போர் கழகம் பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் ஏற்கவில்லை! இவ்வினத்தை 1899-இல் முறைப்படுத்தியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. அதற்கு வெகுகாலம் முன்பே அந்நாட்டு மேய்ப்பர்கள் வேலியில்லாத நிலங்களில், விளைந்த பயிருக்கு அருகிலேயே ஆடு மேய்த்தார்கள். பயிருக்கும் ஆட்டுக்கும் இடையில் நாள் முழுதும் ஓடியோடி எல்லை காத்தது நாய். ஆட்டைக் கடித்துக் காயப்படுத்தவும் கூடாது, கதிரில் வாய்வைக்க விடவும் கூடாது. உயிருள்ள வேலி என்றே அதனைச் சொல்லலாம்.

இத்திறன் எங்கிருந்து வந்தது என்று எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. ஓநாய் இரையை நோக்கும், பதுங்கும், வளைக்கும், துரத்தும், முடிவில் கொல்லும். இவ்வரிசையில் கொல்லும் இயல்பை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தணித்து, எஞ்சியவற்றைக் கூர்மையாக்கினான் மனிதன். கொலைத் தொழிலிலிருந்து காவல் தொழில் பிறந்தது. நம் தென்பாண்டிச் சீமையில் அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை அமர்த்தும்போதும் நாய்கள் உடனிருப்பதுண்டு. எனினும் நரிக்கும் திருடனுக்கும் எதிரான காவலே அவற்றின் முதன்மையான பணி. ஆடுகளை ஓட்டிச் செல்பவன் மேய்ப்பனே. அவன் குரலும் கோலும் போதும்.

டிராம்பேக்கு வருவோம். எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் மாற்றலாகிச் சென்றபோது, தம் அல்சேஷனை மாடிப்படியின் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விட்டது. அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சுபோன்ற குட்டியாய் வாங்கியது முப்பது கிலோவுக்கு மேல் வளர்ந்து நிற்கையில், மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர் பலர். இரண்டு நாள் அது கட்டப்பட்ட இடத்தைவிட்டு அசையாமல் படியையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் மணி என்று பெயர் வைத்தனர்.

மணி வந்த பின்னர்தான் மேய்ப்பன் நாய் என்பதன் பொருள் எனக்கு விளங்கிற்று. மாலையில் பிள்ளைகள் மைதானத்தில் சிதறி ஓடினால் அதற்குப் பொறுக்காது. சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் ஒரு மூலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். செம்பூர்ச் சந்தைக்குச் செல்லும் வழியில் என் மனைவி காய்க்காரரிடம் நின்றுவிட்டால், அதுவும் நின்றுவிடும். நான் தனியே முன்னே நடக்கமுடியாது. விடைபெற்றுச் செல்லும் விருந்தினரின் குதிகாலை மெல்லப் பற்றியதும் உண்டு. பிறர் இதனைக் கடிநாய் என்றார்கள். அது தன் தொழிலைச் செய்தது, மந்தைதான் இல்லை.

ஆடுகள் இல்லாமலில்லை. எங்களுக்கு அருகில் தேவனாரில் 1971 முதல் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இருக்கிறது. ஆடுகளை ஏற்றிய லாரி சாலையில் செல்லும்போது மணியின் காதுகள் நிமிரும், உடல் விறைக்கும். மேய்ப்பதற்கென்று பிறந்த உயிர் தன் வாழ்நாளில் காணும் ஆடுகள் எல்லாம் அவ்வழி செல்பவையே. இதற்கு என்ன பொருள் கூறுவது என்று எனக்குத் தோன்றவில்லை.

மனிதனுக்கே இடமில்லாத பம்பாயில் நாய்க்கு என்ன இடம் என்று கேட்பவர் உண்டு. இதனை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டுப் பல்லாயிரம் பேர் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் நம் தமிழ் மக்களும் பலர். அங்கே குடிசை போட்டு, தண்ணீருக்குக் காத்து நின்றவர்களின் முன்னால் நாய்க்குப் பரிந்து பேச நாக்கூசும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் நம்மில் பெரும்பாலோர், நாய்க்குப் போடாத சோற்றைச் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டு சென்றதாகத் தெரியவில்லை. ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனைத் தட்டிக்கழிப்பது கணக்குத் தெரிந்தவர் செயலன்று.

கடன் என்றே சொல்கிறேன். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக வந்த 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசி தாகத்தால் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராததையும் குற்றம் என்கிறது. நல்ல சட்டம். எனினும் சோறும் நடையும் கொடுத்துவிட்டால் சட்டம் நிறைவடைந்துவிடும். இந்த நாயின் உள்ளே நாம் வைத்த வேலை அப்படியே இருக்கிறதே! அதனை வைத்தவன் ஜெர்மானிய மேய்ப்பன், நானல்லன் எனலாம். தந்தை வாங்கிய கடனை மகன் தீர்ப்பதை நாம் இயல்பாகக் கொள்ளவில்லையா? மனித இனம் பட்ட கடன், யார் வாசலில் வந்து நிற்கிறதோ அவர் பங்குக்கு வருகிறது.

மகாபாரதத்தில் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் தருமன். அந்த நாய் அறக்கடவுளே என்று கதை முடிகிறது. என் எண்ணத்தில் அது கடவுளாக மாறியிருக்கவே வேண்டாம். வெறும் நாயாகவே இருந்திருந்தாலும் தருமன் செய்தது சரியே.

இதனை எனக்குத் தெளிவாக்கியவர் என் தந்தையார். எழுபது வயதில் ஊரை விட்டு எங்களோடு இருக்க வந்தார். நிலத்தில் உழைத்த உடம்பு; இங்கே செய்ய எதுவுமில்லை. வேளைக்குச் சோறு, மருந்து, தொலைக்காட்சி எல்லாம் குறைவின்றி இருந்தன. சில மாதங்களில் அவர் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு நாள் மணி வாசலுக்கும் பால்கனிக்கும் ஓயாமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எய்யா, இதுக்குச் சோத்துக்குக் குறையில்ல. வேலைதான் இல்ல," என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் நாயைப் பற்றி மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் இருவருக்கும் வேலை கிடைத்தது. விடியற்காலை வெயில் ஏறுமுன் பால் பையை மணி வாயில் கவ்விக்கொண்டு வரும். பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்குக் குடியிருப்பின் பிள்ளைகளைத் தந்தையாரும் அதுவுமாக அழைத்துச் செல்வர். தந்தையார் எண்ணுவார், மணி சுற்றிவரும். பிற்பகலில் துண்டை ஒளித்துவைத்து அதனைத் தேடச் செய்வார். ஆண்டுக்கு இருமுறை உள்மயிர் கொத்துக் கொத்தாக உதிரும் காலத்தில் மணிக்கணக்காகச் சீவிவிடுவார். மழைக்காலத்தில் தோல் புண்ணாகாமல் துவட்டுவதும், உண்ணி பார்த்து எடுப்பதும், பரேலில் 1883-இல் ஏற்பட்ட பாய் சக்கர்பாய் மருத்துவமனைக்குத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லும் நாளை நினைவில் வைப்பதும் அவர் பொறுப்பாயின. குதிகாலைப் பற்றும் பழக்கம் வரவரக் குறைந்தது.

அண்டை வீட்டார் ஒருவர் தாமும் ஓர் அல்சேஷன் குட்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு அறை வீட்டில் புதிதாக ஒரு கடனை வாங்கிச் சேர்ப்பானேன்? கைவிடப்பட்டது ஒன்று வந்து நின்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மணிக்கு இப்போது இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டது. இவ்வினத்தில் இது பரவலாகக் காணப்படுவதே. மூன்று மாடி ஏற முடிவதில்லை, தூக்கித்தான் செல்கிறோம். வலி மிகுந்தால் ஊசி போட்டு உறங்கவைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அதனை முடிவு செய்ய எங்களுக்கு என்ன உரிமை என்று வீட்டில் வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. என் மனைவி ஒரு பக்கம், தந்தையார் ஒரு பக்கம். இரவில் மணி எழுந்து, இழுத்து இழுத்து நடந்து, ஒவ்வொரு பாயருகிலும் நின்று முகர்ந்து பார்க்கும். மூத்தவனுக்கு இரவுப் பணி இருக்கும் நாள்களில், அவன் வரும்வரை வாசற்கதவருகில் படுத்திருக்கும்.